போர் தொடுக்கும் முடிவை நியாயத்தின் அளவுகோலில் வைத்துப் பார்ப்பது எப்படி? முதன்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓர் அரசு படைபலத்தைப் பயன்படுத்த எடுத்த முடிவு நியாயமானதுதானா என்று, நியாயப் போர்க் கோட்பாட்டின் அளவுகோல்களை வைத்து எழுதித் தரும்படி உங்களிடம் கேட்டிருக்கலாம். அது முதுகலை ஆய்வேடாகவோ, குடிமைப் பணித் தேர்வின் அறவியல் தாளுக்கான பயிற்சியாகவோ, ஓர் இதழுக்கான கட்டுரையாகவோ இருக்கலாம். எனக்கு அது ஆய்வேடாக வந்தது. 2003 மார்ச்சில் ஈராக் படையெடுப்பில் பிரிட்டன் சேர்ந்துகொண்ட முடிவை எடுத்துக்கொண்டு நான்கு மாதம் உழைத்தேன். அந்த முதல் வரைவின் ஓரங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, வரைவு என்னிடமே திரும்பி வந்தது: "இது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?" எண்ணிப் பார்த்தபோது, நான் அடுக்கியிருந்த சான்றுகளில் பாதிக்கு மேல் 2004ஆம் ஆண்டும் அதற்குப் பிறகும் வெளிவந்தவை என்று தெரிந்தது. திருத்தி எழுத மேலும் ஐந்து மாதங்கள் ஆயின.

அந்த ஐந்து மாதங்களில் நான் கற்றுக்கொண்ட வரிசையை, அதே ஈராக் முடிவை உதாரணமாக வைத்துக் கீழே தருகிறேன். கோட்பாட்டின் வரலாறு எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. எந்தத் தாளை எப்போது எடுப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே அதை மட்டும் சொல்கிறேன்.

1. கேள்வியை ஒரு தேதியோடு சேர்த்துக் கட்டுங்கள்

"ஈராக் போர் நியாயமானதா" என்று தொடங்காதீர்கள். போர் என்பது ஆண்டுக்கணக்கில் நீளும் நூற்றுக்கணக்கான முடிவுகளின் தொகுப்பு. அதை மொத்தமாக எடைபோட முயன்றால், படையெடுப்புக்கு முன் நடந்ததும் பின் நடந்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடும். முடிவெடுத்தவர் யார், எந்த நாளில் எடுத்தார், எதைச் செய்வதற்காக எடுத்தார் என்ற மூன்றும் உங்கள் கேள்வியில் இருக்க வேண்டும். என் கேள்வி கடைசியில் இப்படி அமைந்தது: "அமெரிக்கா தலைமையிலான படையெடுப்பில் பிரிட்டிஷ் படைகளைச் சேர்ப்பதென்று 2003 மார்ச் 17 அன்று அமைச்சரவையும் மறுநாள் நாடாளுமன்றக் கீழவையும் எடுத்த முடிவு, அன்று அவர்கள் கையில் இருந்த தகவல்களின்படியும், முறையாகக் கேட்டிருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தகவல்களின்படியும் நியாயமானதா?"

வாக்கியம் நீளமாக இருக்கிறதென்று அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். "கையில் இருந்த தகவல்" என்று மட்டும் எழுதினால், கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்தவர் எளிதாகத் தப்பிவிடுவார்.

முடிவு ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம். லிபியாவில் 2011 மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 1973ஆம் தீர்மானம் பொதுமக்களைக் காப்பதற்காகப் படைபலத்தை அனுமதித்தது. பிறகு அந்தப் படை நடவடிக்கை ஆட்சி மாற்றத்தை நோக்கி நகர்ந்துவிட்டது என்று பிரிட்டிஷ் கீழவையின் வெளியுறவுக் குழு 2016 செப்டம்பரில் அறிக்கை தந்தது. அங்கே தொடங்கும் முடிவு வேறு, தொடரும் முடிவு வேறு. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

2. சொற்களை முதல் பக்கத்திலேயே தீர்மானித்துவிடுங்கள்

தமிழில் எழுதுவோர் முதலில் சறுக்கும் இடம் "அறப்போர்" என்ற சொல். நம் அரசியல் வழக்கில் அது ஆயுதமில்லாத போராட்டத்தைக் குறிக்கும். இந்தி எதிர்ப்பு அறப்போர் என்று கேட்டு வளர்ந்த வாசகருக்குக் குண்டுவீச்சை அறப்போர் என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். "நியாயப் போர்" அல்லது "நீதியான போர்" என்று எழுதுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, போருக்குப் போவதன் நியாயமும் போரை நடத்தும் முறையின் நியாயமும் வேறு வேறு கேள்விகள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முதற்கேள்விக்கு வழக்கமாக ஆறு அளவுகோல்கள் வைக்கப்படுகின்றன: நியாயமான காரணம், உரிய அதிகாரம், நேர்மையான நோக்கம், வேறு வழியின்மை, நன்மை தீமைகளின் அளவுப்பொருத்தம், வெற்றிக்கான தக்க வாய்ப்பு. இரண்டாவதற்கு, போரிடுவோரையும் பொதுமக்களையும் பிரித்தறிதலும், ஒவ்வொரு தாக்குதலிலும் அளவுப்பொருத்தமும். "சட்டபூர்வமானது", "நியாயமானது" என்ற சொற்களையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். 1999இல் நேட்டோ படைகள் பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதியில்லாமல் யூகோஸ்லாவியா மீது 78 நாட்கள் குண்டு வீசியதை ஆராய்ந்த ஒரு சுயேச்சை ஆணையம், அது சட்டவிரோதமானது, ஆனாலும் நியாயமுடையது என்று முடிவுக்கு வந்தது. அந்த முடிவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை; ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பது அதில் தெளிவாகிறது.

3. ஆவணங்களைத் திரட்டுங்கள்

பிரிட்டனின் ஈராக் முடிவை முதன்முறை எழுதுவோருக்கு நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், வெகு சில போர் முடிவுகளுக்கே இந்த அளவுக்கு உள்தாள்கள் பொதுவெளியில் இருக்கின்றன என்பதுதான். எல்லாமே இணையத்தில் இலவசம். கீழ்க்காணும் வரிசையில் படியுங்கள்.

முதலில், ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த, சர் ஜான் சில்காட் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கைச் சுருக்கம். 2009இல் அமைக்கப்பட்ட குழு 2016 ஜூலை 6 அன்று அறிக்கை தந்தது. சுருக்கத்தைத் தவிர 12 தொகுதிகள், சுமார் 26 லட்சம் சொற்கள். அச்சுப் பிரதியின் முழுத் தொகுப்புக்கு 767 பவுண்டு விலை வைத்தார்கள். அதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை, பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கிறது. முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று உட்காராதீர்கள். எனக்கு அதில் ஆறு வாரங்கள் போயின. சுருக்கத்தை இருமுறை படித்துவிட்டு, தொகுதிகளில் சட்ட ஆலோசனை, உளவுத் தகவல், போருக்குப் பிந்தைய திட்டமிடல் ஆகிய பகுதிகளுக்கு மட்டும் செல்லுங்கள்.

இரண்டாவது, ஐ.நா. தீர்மானங்கள்: குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றப் படைபலத்தை அனுமதித்த 1990ஆம் ஆண்டின் 678, ஆயுதக் களைவை நிபந்தனையாக்கிய 1991ஆம் ஆண்டின் போர்நிறுத்தத் தீர்மானம் 687, ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு தந்து 2002 நவம்பர் 8 அன்று 15 வாக்குகளோடு ஒருமனதாக நிறைவேறிய 1441. தீர்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது நிறைவேறிய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். 1441இல் படைபலத்தைத் தானாகவே தூண்டிவிடும் மறைவான விசை எதுவும் இல்லை என்று அமெரிக்கத் தூதரே அன்று அந்த அவையில் சொன்னது அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

மூன்றாவது, ஈராக்கின் ஆயுதங்களைச் சோதித்த ஐ.நா. ஆய்வாளர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் 2003 ஜனவரி 27, பிப்ரவரி 14, மார்ச் 7 ஆகிய நாட்களில் பாதுகாப்பு கவுன்சிலில் ஆற்றிய உரைகள். நான்காவது, அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர், கோல்ட்ஸ்மித் 2003 மார்ச் 7 அன்று பிரதமர் டோனி பிளேருக்குத் தந்த 13 பக்கச் சட்டக் கருத்தும், மார்ச் 17 அன்று நாடாளுமன்றத்தில் அவர் பெயரில் வைக்கப்பட்ட மிகச் சுருக்கமான பதிலும். ஐந்தாவது, மார்ச் 18 கீழவை விவாதம். போரை ஆதரிக்கும் அரசின் தீர்மானம் 412க்கு 149 என்று நிறைவேறியது. போருக்கான நியாயம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தம் 217க்கு 396 என்று தோற்றது. விவாதம் நெடியது; ஆனால் அவையினர் எதை நம்பி வாக்களித்தார்கள் என்பது வேறெங்கும் கிடைக்காது.

4. மூன்று தேதிகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரியுங்கள்

இந்தப் படிதான் என் இரண்டாம் வரைவைக் காப்பாற்றியது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, அது உருவான தேதி, முடிவெடுத்தவர் கைக்குப் போன தேதி, பொதுமக்களுக்கு வெளியான தேதி என்று மூன்று கட்டங்களில் எழுதுங்கள். நான்காவது கட்டத்தில், அன்று யார் யாரிடம் அது இல்லை என்று குறியுங்கள்.

கோல்ட்ஸ்மித்தின் 13 பக்கக் கருத்தை எடுத்துக்கொள்வோம். உருவானதும் பிளேரிடம் போனதும் 2003 மார்ச் 7. வெளியானது 2005 ஏப்ரல் 28. "2005இல் வெளியான ஆவணம், எனவே 2003 முடிவுக்குப் பயன்படாது" என்று நான் முதலில் ஒதுக்கிவிட்டேன்; அது பெரும் பிழை. பிளேரைப் பொறுத்தவரை அது மார்ச் 7 முதல் கையில் இருந்த தாள். அமைச்சரவைக்கோ மார்ச் 17 அன்று சுருக்கமான பதில் மட்டுமே வைக்கப்பட்டது. சந்தேகங்கள் நிறைந்த நீண்ட கருத்து தரப்படவில்லை. கீழவை உறுப்பினர்களுக்கும் அப்படியே. ஒரே தாள், ஒரே முடிவில் பங்கெடுத்த மூன்று தரப்பினருக்கு மூன்று விதமாகப் பொருந்துகிறது.

மாறாக, ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்று சொன்ன டூல்ஃபர் அறிக்கை 2004 இலையுதிர் காலத்தில்தான் உருவானது. அதை 2003 முடிவுக்கு எதிரான சான்றாக வைக்க முடியாது. பலரும், நானும், கட்டுரையின் முதல் பத்தியிலேயே அதைத் தூக்கி வைத்துவிடுகிறோம்.

ஆனால் "பின்னறிவு" என்ற வாதம் உங்களை அளவுக்கு மீறிப் பின்வாங்கவும் வைத்துவிடக் கூடாது. உள்நாட்டு மோதல், ஈரானின் தலையீடு, வட்டாரக் குலைவு, அல் காய்தாவின் நடமாட்டம் ஆகிய ஆபத்துகள் ஒவ்வொன்றும் படையெடுப்புக்கு முன்பே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டப்பட்டவை என்று சில்காட் அறிக்கை சொல்கிறது. மேலும், ஈராக்கிடம் அந்த ஆயுதங்கள் இப்போது இல்லாமலிருக்கக்கூடும் என்ற சாத்தியத்தை எந்தக் கட்டத்திலும் உளவுத் தகவல்களை மதிப்பிட்டு அரசுக்குத் தரும் கூட்டு உளவுக் குழுவோ கொள்கை வகுத்தவர்களோ எடுத்து ஆராயவேயில்லை என்றும் அது சொல்கிறது. முதலாவது, தெரிந்திருந்தது, இரண்டாவது, கேட்கப்படாதது. உங்கள் தாளில் இவ்விரண்டுக்கும் தனி நிறம் கொடுங்கள்.

5. காரணத்தைப் பிரித்து எழுதுங்கள்

அரசுகள் ஒரே காரணத்தைச் சொல்வதில்லை. ஈராக் விஷயத்தில் ஆயுதக் களைவு, பயங்கரவாதம், ஈராக் அதிபர் சதாம் உசேனின் கொடுமைகள், ஐ.நா.வின் மதிப்பு என்று பலவும் பேசப்பட்டன. அவற்றை ஒரே பத்தியில் குவித்தால், ஒவ்வொன்றிலும் பாதி பாதி சேர்ந்து முழுக் காரணம் போலத் தோன்றிவிடும். ஒவ்வொன்றையும் தனியே நிறுத்தி, அது மட்டும் இருந்திருந்தால் போருக்குப் போதுமா என்று கேளுங்கள்.

இங்கே கோல்ட்ஸ்மித்தின் மார்ச் 7 கருத்து உங்களுக்குப் பெரிய உதவி. படைபலத்துக்குச் சட்டப்படி மூன்று அடிப்படைகள் இருக்கலாம் என்று சொல்லி, தற்காப்பு, மனிதாபிமானத் தலையீடு ஆகிய இரண்டையும் அவர் அன்றைய சூழலுக்குப் பொருந்தாதவை என்று விலக்கிவிட்டார். எஞ்சியது பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி ஒன்றுதான். அரசின் சொந்தச் சட்ட ஆலோசகரே உடனடி அச்சுறுத்தல் இல்லை என்ற நிலையில் நின்றபோது, மேடைகளில் அச்சுறுத்தல் பற்றிப் பேசப்பட்டதை நீங்கள் அருகருகே வைத்துக் காட்டலாம்.

மனிதாபிமானக் காரணத்தை எழுதும்போது கவனமும் மரியாதையும் தேவை. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜாவில் ரசாயன ஆயுதத்தால் ஆயிரக்கணக்கான குர்து மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையை வாதத்துக்கு வசதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆனால் இந்த அளவுகோல் கேட்பது, முடிவெடுத்த நாளில் நடந்துகொண்டிருந்த அல்லது நடக்கவிருந்த பெருங்கொலையைத் தடுக்கப் படை தேவைப்பட்டதா என்பதை. கடந்த கொடுமைக்கு நீதி வேண்டும்; அதற்குப் படையெடுப்பே வழி என்று தனியே நிறுவியாக வேண்டும்.

6. அதிகாரம் யாருடையது என்று பாருங்கள்

இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. உலக அளவில், ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு தரும் தற்காப்பு உரிமை அல்லது பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி. உள்நாட்டில், அந்த நாட்டின் அரசியலமைப்பு வழக்கப்படி முடிவெடுக்க உரியவர்கள், உரிய தகவலோடு முடிவெடுத்தார்களா என்பது. பெரும்பாலோர் முதல் அடுக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். கீழவை வாக்களித்தது, எனவே உள்நாட்டு அதிகாரம் இருந்தது என்று நானும் இரண்டே வரியில் முடித்திருந்தேன்.

தேதித் தாளைப் பாருங்கள். மார்ச் 7 அன்று, 1441க்குப் பிறகு படைபலத்தை அனுமதிக்கும் இரண்டாவது தீர்மானம் பெறுவதே சட்டப்படி மிகப் பாதுகாப்பான வழி என்று கோல்ட்ஸ்மித் எழுதினார். 1441 பழைய 678இன் அனுமதியை உயிர்ப்பிக்கும் என்று வாதிட இடமுண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். பாதுகாப்புப் படைகளின் தலைமைத் தளபதி தம் வீரர்களுக்காகத் தெளிவான உறுதி கேட்டார். மார்ச் 15 அன்று, ஈராக் ஐ.நா. தீர்மானங்களை மேலும் அடிப்படையாகவே மீறியுள்ளது என்பது பிரதமரின் ஐயமற்ற கருத்து என்று பிரதமர் அலுவலகம் கடிதம் எழுதியது. எந்த அடிப்படையில் பிளேர் அந்த முடிவுக்கு வந்தார் என்பது தெளிவாக இல்லை என்கிறது சில்காட் அறிக்கை. மார்ச் 17 அன்று நாடாளுமன்றத்துக்குத் தரப்பட்ட பதிலில் சந்தேகத்தின் சாயலே இல்லை. வெளியுறவு அலுவலகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் இதை ஏற்காமல் பதவி விலகினார். அமைச்சர் ராபின் குக் போரை எதிர்த்து மார்ச் 17 அன்றே விலகியிருந்தார். வாக்களித்தவர்களிடம் முழுத் தகவல் இல்லையென்றால் அந்த வாக்கின் எடை என்ன என்பதே இங்கே நீங்கள் எழுத வேண்டிய கேள்வி.

ஒரு பொறி: சில்காட் குழு போர் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்ததாக எழுதிவிடாதீர்கள். சட்ட அடிப்படை உண்டென்று முடிவு செய்யப்பட்ட சூழ்நிலை சிறிதும் திருப்திகரமாக இல்லை என்று மட்டுமே அது சொன்னது. சட்டபூர்வமா இல்லையா என்பதை அது தீர்மானிக்கவில்லை.

இந்திய வாசகர்கள் ஒப்பிட்டுப் பழக 1971 நல்ல உதாரணம். கிழக்கு பாகிஸ்தானில் மார்ச் 25 அன்று தொடங்கிய படுகொலை, இந்தியாவுக்குள் வந்த சுமார் ஒரு கோடி அகதிகள், டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானப்படை நடத்திய தாக்குதல் எனக் காரணம் வலுவானது. ஆனால் டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபை 104க்கு 11 என்ற கணக்கில் போர்நிறுத்தமும் படை விலக்கலும் கோரியது. நம் நாட்டின் முடிவு என்பதற்காக அந்த எண்ணிக்கையை மறைக்காமல் எழுதினால்தான் மற்ற நாடுகளின் முடிவை எடைபோடும் தகுதி நம் எழுத்துக்கு வரும்.

7. நோக்கத்தைத் தாள்களில் தேடுங்கள், மனத்துக்குள் தேடாதீர்கள்

எண்ணெய்க்காகத்தான், பழிவாங்கத்தான் என்று ஒருவரின் மனத்தைப் படித்துவிட்டதாக எழுதுவது எளிது, நிறுவ முடியாது. சொன்ன நோக்கத்துக்கும் செய்த ஏற்பாட்டுக்கும் பொருத்தம் உண்டா என்று மட்டும் பாருங்கள். 2002 ஜூலை 28 அன்று பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பு, என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்று தொடங்குகிறது. ஐ.நா. வழியில் போக வேண்டும் என்றும் அதே குறிப்பில் வற்புறுத்துகிறார். முதல் வரியை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது. இரண்டையும் வைத்த பிறகும், எட்டு மாதம் முன்பே தந்த வாக்குறுதி பின்னாளில் மறுக்கும் சுதந்திரத்தை எவ்வளவு சுருக்கியது என்ற கேள்வி நிற்கும்.

8. வேறு வழி இருந்ததா: நாட்களை எண்ணுங்கள்

என் பார்வையில் ஈராக் முடிவின் மையம் இதுதான். உங்கள் கட்டுரையிலும் அதிகப் பக்கங்கள் இங்கே செலவாகட்டும்.

"கடைசி வழி" என்பதை, கற்பனையில் தோன்றும் எல்லா வழிகளும் தீர்ந்த பிறகு என்று பொருள்கொள்ளாதீர்கள். அப்படியானால் எந்தப் போரும், தற்காப்புப் போர் உட்பட, தேறாது. அந்த நாளில் மேசைமேல் இருந்த அமைதி வழிகளில், பயன் தரும் என்று நம்ப நியாயமான ஆதாரம் உள்ளது எதுவும் எஞ்சியிருந்ததா என்பதே கேள்வி. அதற்கு விடை தேட, அமைதி வழியின் நாட்காட்டியையும் படைகளின் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆய்வாளர்கள் 2002 நவம்பர் 27 அன்று ஈராக்கில் மீண்டும் பணி தொடங்கினார்கள். 2003 மார்ச் 18 அன்று வெளியேறினார்கள். 111 நாட்கள். அதற்குள் 411 இடங்களில் 731 ஆய்வுகள் நடந்தன. மார்ச் 7 அன்று பிளிக்ஸ், எஞ்சிய முக்கியப் பணிகளை முடிக்க ஆண்டுகள் வேண்டாம், வாரங்களும் போதாது, மாதங்கள் ஆகும் என்றார். அனுமதிக்கப்பட்ட தொலைவைத் தாண்டிய அல் சமூத் 2 ஏவுகணைகள் அவருடைய மேற்பார்வையில் அப்போது அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அதே கூட்டத்தில் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய், ஈராக் நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகச் சொன்ன தாள்கள் போலியானவை என்று அறிவித்தார். ஆய்வைத் தீவிரப்படுத்திக் காலக்கெடுவோடு தொடரும் திட்டத்தை பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா ஆகியவை பிப்ரவரியிலேயே முன்வைத்திருந்தன. மறுபக்கத்து நாட்காட்டியில், குவைத்தில் குவிக்கப்பட்ட படைகளின் தயார்நிலை மார்ச்சைச் சுட்டியது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை இங்கேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள். ஆய்வாளர்களைச் சதாம் உள்ளே விட்டதே எல்லையில் நின்ற படைகளைக் கண்டுதான். அந்தப் படைகளைப் பாலைவன வெயிலில் காலவரையின்றி நிறுத்த முடியாது. எந்தச் சூழ்நிலையிலும் எதிர்த்து வாக்களிப்போம் என்று மார்ச் 10 அன்று பிரெஞ்சு அதிபர் சிராக் சொன்னபின் இரண்டாவது தீர்மானத்துக்கு வழியில்லை. இவை வெறும் சாக்குகள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் படைகளைக் காக்கவைப்பதன் செலவையும் படையெடுப்பின் செலவையும் ஒப்பிட்டால், முதலாவது பணமும் சிரமமும், இரண்டாவது உயிர்கள் என்பதைக் கட்டுரை தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆயுதக் களைவுக்கான அமைதி வழிகள் தீரும் முன்பே பிரிட்டன் படையெடுப்பில் சேர்ந்தது, அந்த நேரத்தில் அது கடைசி வழியாக இருக்கவில்லை என்பதே சில்காட் குழுவின் முடிவு. நீங்கள் அதை மேற்கோள் காட்டுவதற்கு முன், உங்கள் இரு நாட்காட்டிகளே அந்த இடத்துக்கு வாசகரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும்.

9. அளவுப்பொருத்தமும் வெற்றி வாய்ப்பும்

இவ்விரண்டையும் சேர்த்தே எழுதலாம். ஒரே தாள்கள்தான் இரண்டுக்கும் பயன்படும். பின்னாளில் இறந்தோரின் எண்ணிக்கையை எடுத்துப் போட்டு, அளவு மீறியது என்று நிறுவ முயலாதீர்கள். மதிப்பீடுகள் முறைக்கு முறை பெரிதும் வேறுபடும், தேதியும் தவறு. அன்று எந்தெந்தத் தீமைகள் கணக்கிடப்பட்டன என்று கேளுங்கள். 2003 பிப்ரவரி 10 அன்று கூட்டு உளவுக் குழு, படை நடவடிக்கை அல் காய்தாவின் அச்சுறுத்தலை அதிகப்படுத்தும் என்று மதிப்பிட்டிருந்தது. பயங்கரவாதத்தைத் தடுக்கத்தான் போர் என்றவர்களின் கையிலேயே இந்தத் தாள் இருந்தது.

வெற்றி என்றால் என்ன என்று முடிவெடுத்தவர் எழுதிவைத்தாரா என்றும் தேடுங்கள். தலைநகரைப் பிடிப்பது வெற்றியா, நிலையான ஆட்சி அமைவது வெற்றியா? இரண்டாவதுதான் என்றால், அதற்கான திட்டம் முடிவின் ஒரு பகுதி. சதாமுக்குப் பிந்தைய ஈராக்குக்கான திட்டமிடலும் ஆயத்தமும் முற்றிலும் போதாதவை என்ற சில்காட் குழுவின் முடிவு, போருக்குப் பிந்தைய நிர்வாகத் தவறு மட்டுமல்ல. மார்ச் 18 முடிவையே பாதிக்கும் குறை அது.

10. போர் நடத்தும் முறை

உங்கள் கேள்வி போருக்குப் போகும் முடிவைப் பற்றியதாக இருந்தால் இதில் இரண்டு பக்கங்களுக்கு மேல் செலவிடாதீர்கள். போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 51, 57ஆம் பிரிவுகளைப் படியுங்கள். பிரிட்டன் அதை ஏற்ற நாடு. அமெரிக்காவும் இந்தியாவும் ஏற்கவில்லை. பாஸ்ராவைச் சுற்றி பிரிட்டிஷ் பீரங்கிகள் கொத்துக் குண்டுகளைப் பயன்படுத்தியதை இந்தப் பிரிவுகளோடு வைத்துப் பார்க்கலாம். வெடிக்காமல் கிடந்த சிறு குண்டுகள் பிறகு குழந்தைகளின் கையில் வெடித்தன என்பது, எந்த ஆயுதத்தை எடுத்துப்போவது என்ற முடிவும் முன்கூட்டி எடுக்கப்படுவது என்பதை நினைவூட்டும்.

11. தீர்ப்பை மதிப்பெண்ணாக எழுதாதீர்கள்

ஆறில் நான்கு தேறியது, எனவே ஓரளவு நியாயம் என்று முடிக்கும் கட்டுரைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வோர் அளவுகோலும் தனித்தனியே நிறைவேற வேண்டியது. காரணம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், வேறு வழி இருந்தபோது கொல்வதை அது நியாயமாக்காது. என் தீர்ப்பு இதுதான்: ஈராக் ஐ.நா. தீர்மானங்களை மீறிவந்தது உண்மை, காரணம் வெறுங்கற்பனையல்ல. அதிகாரம், தகவல் மறைக்கப்பட்டதால் பழுதுபட்டது. வேறு வழியின்மை நிறுவப்படவில்லை. ஆகவே மார்ச் 18 முடிவு நியாயமானதல்ல. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். எந்த அளவுகோலில் என்னோடு மாறுபடுகிறீர்கள் என்பது உங்கள் கட்டுரையில் தெரிந்தால் போதும்.

வரைவு முடிந்ததும், அந்த முடிவை ஆதரிக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நான் ஆதரவாளரான ஒரு நண்பரிடம் கொடுத்தேன். சிராக்கின் மார்ச் 10 பேட்டியை நான் முழுவதுமாக விட்டிருந்ததை அவர்தான் காட்டினார்.

12. நேரமும் செலவும்

பகுதிநேரமாக வேலை செய்தால் பத்து வாரங்கள் ஒதுக்குங்கள்: கேள்வியை அமைக்க ஒரு வாரம், ஆவணங்களைப் படிக்க நான்கு, தேதித் தாளுக்கு ஒன்று, எழுத மூன்று, மறுவாசிப்புக்கு ஒன்று. தேதித் தாளைத் தவிர்த்து ஒரு வாரம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எனக்கு அந்த மிச்சம் ஐந்து மாதமாகத் திரும்பி வந்தது. ஆவணங்களுக்குப் பணம் எதுவும் தேவையில்லை. எனக்கு ஆன செலவு, அறிக்கைச் சுருக்கத்தையும் கோல்ட்ஸ்மித்தின் கருத்தையும் பிளிக்ஸின் உரைகளையும் அச்சிட்டுக் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ள ஆன 900 ரூபாய் மட்டும். அந்தத் தாள்களைத் திரையில் படிப்பதைவிட அச்சில் படிப்பதையே பரிந்துரைக்கிறேன். ஒரே பத்தியில் சந்தேகமும் உறுதியும் எங்கே கைமாறுகின்றன என்பது பேனாவோடு படிக்கும்போதுதான் கண்ணில் படும்.

ஒப்படைப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கட்டுரையின் ஒவ்வொரு சான்றுக்கும் எதிரே ஓரத்தில் அது முடிவெடுத்தவர் கைக்குப் போன தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். தேதி 2003 மார்ச் 18க்குப் பிந்தியதாகவும், முறையாகக் கேட்டிருந்தாலும் அன்று கிடைத்திருக்காததாகவும் இருந்தால், அந்த வரியை எடுத்துவிடுங்கள். என் இரண்டாம் வரைவிலிருந்து அப்படி எடுக்கப்பட்டவை பதினோரு பக்கங்கள்.